வெற்றி உரையும் பதவிப் பட்டியலும்

ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யார், நான் யார் என்பது நம் நாட்டுப் பழமொழி. தேர்தல்களில் இப்பழமொழி தலைகீழாக நடப்பதைக் காணலாம். ஆற்றைக் கடக்கும் வரையில் ஒருவரையொருவர் நீரில் அமிழ்த்தப் பார்த்தவர்கள், கரையேறியவுடன் கை நீட்டி, இனி நாம் உடன்பிறந்தார், கட்சி வேற்றுமையை மறந்து நாட்டுக்கு உழைப்போம் என்கின்றனர். வென்றவர் இதைக் கனிவோடு கூறுகிறார். தோற்றவர் பெருந்தன்மையோடு தலையசைக்கிறார். கேட்கும் மக்களுக்கும் மனம் குளிர்கிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் பழைய பகை பழைய இடத்திலேயே இருக்கிறது.

இவ்வுறுதிமொழியை எந்த அளவுக்கு நம்பலாம்? இதைச் சொல்பவர்கள் பொய்யர்களா? அல்லது மெய்யாகவே எண்ணிச் சொல்லியும் நடத்த முடியாமற் போகிறார்களா? வரலாறு பயிலும் மாணவர்கள் இக்கேள்வியை எழுப்புவது நன்று. விடை தேடுவதற்கு ஏற்ற ஒரு நிகழ்ச்சி, ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 1801ஆம் ஆண்டு நடந்தது. வாக்குகளால் தோற்ற ஒரு கட்சி, வாளெடுக்காமல், தன்னை வென்ற கட்சியிடம் ஆட்சியை ஒப்படைத்தது அந்நாட்டில் அதுவே முதன்முறை. வென்றவர் தாமஸ் ஜெபர்ஸன். தோற்றவர் ஜான் ஆடம்ஸ். இருவரும் 1776இல் விடுதலைப் பிரகடனத்தை வரையும் குழுவில் ஒன்றாக அமர்ந்தவர்கள், நெடுநாளைய நண்பர்கள்.

அந்நாளில் அங்கே இரண்டு கட்சிகள் இருந்தன. ஆடம்ஸைச் சார்ந்தவர்கள் கூட்டாட்சிக் கட்சியார். வலிமையான மத்திய அரசையும், தேசிய வங்கியையும், இங்கிலாந்தோடு நல்லுறவையும் விரும்பியவர்கள். ஜெபர்ஸனைச் சார்ந்தவர்கள் குடியரசுக் கட்சியார். மாநிலங்களின் உரிமையையும், உழவர்களின் நலனையும், பிரான்சின் நட்பையும் போற்றியவர்கள். இன்று அமெரிக்காவில் குடியரசுக் கட்சி என்று வழங்கும் கட்சி இதனின்றும் வேறானது. அது 1854இல் பிறந்தது. பெயரொற்றுமையால் தேர்வுத் தாளில் தடுமாறும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

1801க்கு முன்னரே ஒரு முறை ஒத்துழைப்பு முயற்சி நடந்து, சில நாட்களிலேயே முறிந்து போயிற்று. 1796ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் 71 வாக்குகளும் ஜெபர்ஸன் 68 வாக்குகளும் பெற்றனர். அக்கால அரசியலமைப்பின்படி, முதலிடம் பெற்றவர் குடியரசுத் தலைவர், இரண்டாமிடம் பெற்றவர் துணைத் தலைவர். ஆகவே எதிரெதிர்க் கட்சியினர் இருவர் ஒரே அரசின் முதலிரு பதவிகளில் அமர நேர்ந்தது. சட்டமே இரு கட்சியாரையும் ஒரே வண்டியில் பூட்டிவிட்டது எனலாம். ஜெபர்ஸன் நட்புப் பாராட்டி ஆடம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆனால் அதை நேரே அனுப்பாமல், தம் கட்சித் துணைவர் ஜேம்ஸ் மாடிஸனுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். அனுப்ப வேண்டாம் என்றார் மாடிஸன். பின்னாளில் ஆடம்ஸை எதிர்த்துப் பேச நேரும்போது இக்கடிதம் இடையூறாகும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. கடிதம் உரியவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஆடம்ஸும் முதலில் கை நீட்டியவரே. பிரான்சோடு மூண்டிருந்த பிணக்கைத் தீர்க்க மாடிஸனைத் தூதராக அனுப்பலாமா என்று ஜெபர்ஸனிடம் கலந்தார். 1797 மார்ச்சுத் தொடக்கத்தில், பிலடெல்பியா நகரில், ஜார்ஜ் வாஷிங்டனின் இல்லத்தில் விருந்துண்டு விட்டு இருவரும் ஒன்றாக வெளியே வந்தனர். மாடிஸன் செல்ல விரும்பவில்லை என்று ஜெபர்ஸன் தெரிவித்தார். ஆடம்ஸோ, அவ்வேற்பாட்டுக்குத் தாம் எதிர்பாராத தடைகள் எழுந்துவிட்டன என்று சங்கடத்தோடு கூறினார். தடை எழுப்பியவர்கள் அவருடைய கட்சி அமைச்சர்களே. பேசிக்கொண்டே ஐந்தாம் வீதி முனைக்கு வந்தனர். அங்கே ஒருவர் பாதை ஒரு புறமும் மற்றவர் பாதை மறு புறமும் பிரிந்தது, விடைபெற்றுக் கொண்டனர். அதன் பின் ஆடம்ஸ் அரசாங்க காரியம் எதிலும் தம்மைக் கலந்ததே இல்லை என்று ஜெபர்ஸன் தம் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

இரு தலைவர்களுக்கும் நல்லெண்ணம் இருந்தது. ஆயினும் இருவரும் தம் கட்சியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவுடன் கை பின்வாங்கிற்று. ஒத்துழைப்பு முறிவதற்கு எதிர்க்கட்சியின் பிடிவாதமே காரணம் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அது முதலில் முறிவது தன் கட்சியின் வீட்டுத் திண்ணையிலேதான்.

பின் வந்த நான்காண்டுகள் கசப்பானவை. 1798இல் ஆடம்ஸின் ஆட்சி அரசு நிந்தனைச் சட்டத்தை இயற்றிற்று. அரசையோ, காங்கிரஸ் சபைகளையோ, குடியரசுத் தலைவரையோ இழிவுபடுத்திப் பொய்யாக எழுதுவோருக்கு 2,000 டாலர் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம் என்றது அது. அச்சட்டம் துணைத் தலைவருக்குப் பாதுகாப்பு அளிக்கவில்லை. துணைத் தலைவர் யார்? ஜெபர்ஸன். அவரை யார் வேண்டுமானாலும் வையலாம்! சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச்சு 3. அதாவது, ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் நாள். இப்படிப்பட்ட ஒரு தேதி சட்டத்தின் மனத்தை நன்கு காட்டிக் கொடுத்துவிடுகிறது. வெர்மாண்ட் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் மாத்தியூ லயன் இச்சட்டத்தின்கீழ் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். சிறையிலிருந்தபடியே மீண்டும் தேர்தலில் வென்றார். ஜெபர்ஸனும் சும்மா இருக்கவில்லை. துணைத் தலைவர் பதவியில் அமர்ந்துகொண்டே, அச்சட்டங்களைச் செல்லாதவை என்னும் கெண்டக்கி மாநிலத் தீர்மானங்களை மறைவாக எழுதிக் கொடுத்தார்.

அடுத்து 1800ஆம் ஆண்டுத் தேர்தல். ஆடம்ஸ் 65 வாக்குகளோடு தோற்றார். ஆனால் ஜெபர்ஸனும், அவர் கட்சியில் துணைத் தலைவர் பதவிக்கு நின்ற ஆரன் பர்ரும் சரிசமமாக 73 வாக்குகள் பெற்றுவிட்டனர். ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு; எது தலைவருக்கு, எது துணைத் தலைவருக்கு என்று குறிப்பிட இடமில்லை. ஆதலால் முடிவு பிரதிநிதிகள் சபையின் கைக்குப் போயிற்று. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். 1801 பெப்ருவரி 11ஆம் நாள், பனி கொட்டும் வேளையில் வாக்கெடுப்புத் தொடங்கிற்று. ஜெபர்ஸனுக்கு எட்டு, பர்ருக்கு ஆறு, இரண்டு மாநிலங்கள் இரண்டுபட்டு நின்றன. மேரிலாந்து உறுப்பினர் ஜோசப் நிக்கல்ஸன் கடும் காய்ச்சலோடு பனியில் சுமந்து வரப்பட்டு, பக்கத்து அறையில் படுத்த படுக்கையாகவே வாக்களித்தார். அவர் வராவிட்டால் அவர் மாநிலம் பர்ரின் பக்கம் சாய்ந்திருக்கும். ஆறு நாட்கள் கழித்து, பெப்ருவரி 17 அன்று, 36ஆவது வாக்கெடுப்பில்தான் முடிவு கிட்டியது.

முடிவை உண்டாக்கியவர் ஜேம்ஸ் பேயார்ட் என்னும் கூட்டாட்சிக் கட்சியார். டெலவேர் மாநிலத்தின் ஒரே பிரதிநிதி அவர். ஆகவே அம்மாநிலத்தின் வாக்கு முழுவதும் அவர் ஒருவர் கையில். அவர் சும்மா விட்டுக் கொடுக்கவில்லை. அரசாங்கக் கடன்களுக்கு மதிப்புக் காக்கப்படுமா, கடற்படை நிலைத்திருக்குமா, கட்சி காரணமாகச் சிறு அதிகாரிகள் விலக்கப்படாமல் இருப்பார்களா என்று இடையிலிருந்த சாமுவேல் ஸ்மித் என்பவர் வாயிலாகக் கேட்டார். ஆம் என்று விடை வந்ததாகப் பேயார்ட் பின்னாளில் சத்தியம் செய்து சொன்னார். அப்படி ஒரு பேரமும் தாம் செய்யவில்லை என்று ஜெபர்ஸன் மறுத்தார். ஸ்மித் தம் பொறுப்பிலேயே பேசியிருக்கக்கூடும். எவ்வாறாயினும், வில்மிங்டன் துறைமுகத்துச் சுங்க அதிகாரி ஆலன் மக்லேன் என்பவருக்காகப் பேயார்ட் பெயர் சொல்லிப் பேசியிருந்தார். அவர் பதவி தப்பிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் வேறொரு சுங்க அதிகாரியைச் சந்திக்கப் போகிறோம்.

இவ்வளவு நடந்துகொண்டிருக்கையில் தோற்ற கட்சி என்ன செய்தது? பெப்ருவரி 13ஆம் நாள், அதாவது வாக்கெடுப்பு இழுபறியில் நின்றபோதே, ஒரு நீதித்துறைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சட்டம் 16 புதிய நீதிபதி பதவிகளை உண்டாக்கியது. உச்ச நீதிமன்றத்தில் அடுத்து ஓர் இடம் காலியானால் அதை நிரப்பாமல், ஆறு நீதிபதிகளை ஐவராகக் குறைக்க வேண்டும் என்றும் விதித்தது. புதிய தலைவருக்கு ஒரு நியமன வாய்ப்புக் குறையட்டும் என்பது கருத்து. ஆடம்ஸ் அப்பதவிகளைத் தம் கட்சியாரைக் கொண்டு நிரப்பினார். நீதிபதிகளுக்கு ஆயுள் பதவி. தேர்தலில் இழந்த வீட்டின் ஓர் அறையை மட்டும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டது போன்றது இது. மார்ச்சு 4 விடியற்காலை நான்கு மணிக்கு ஆடம்ஸ் வண்டியேறித் தலைநகரை விட்டுப் புறப்பட்டார். தம்மை வென்றவரின் பதவியேற்பு விழாவுக்கு அவர் இருக்கவில்லை.

அன்று நண்பகல் ஜெபர்ஸன் தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்தே சட்டமன்ற மாளிகைக்குப் போனார். மாளிகையில் ஒரு புறமே கட்டி முடிந்திருந்தது. பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். ஜெபர்ஸனுக்குத் தூரத்து உறவினர், அரசியலில் கடும் எதிரி, ஆடம்ஸ் போகிற போக்கில் நியமித்தவர். ஜெபர்ஸனுக்கு மேடைக் குரல் கிடையாது. அவர் பேசியது முன்வரிசைக்கு அப்பால் கேட்கவில்லை. ஆனால் உரையின் பிரதி முன்கூட்டியே ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கப்பட்டிருந்தமையால் ஊரெங்கும் படித்தார்கள்.

அவ்வுரையின் நடுவே நிற்கும் கருத்து இது: கருத்து வேற்றுமை எல்லாம் கொள்கை வேற்றுமை ஆகாது, நாம் அனைவரும் குடியரசுவாதிகளே, நாம் அனைவரும் கூட்டாட்சிவாதிகளே. பெரும்பான்மையின் விருப்பமே வெல்லும், எனினும் சிறுபான்மைக்குச் சம உரிமை உண்டு, அதை மீறுவது கொடுங்கோன்மை என்றும் கூறினார். படித்தவர் நெஞ்சு நெகிழ்ந்தது. மார்ஷலே அன்று ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உரை நன்கு சீர்தூக்கிச் சொல்லப்பட்டது, இணக்கமானது என்று ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் பெயர்ச் சிறப்புக்குப் பெரிய எழுத்தும், பொதுச்சொல்லுக்குச் சிறிய எழுத்தும் இடுவது வழக்கம். ஜெபர்ஸன் தம் கையால் எழுதிய பிரதியில் அவ்விரு சொற்களும் சிறிய எழுத்தில் இருந்தன. அப்படியாயின் பொருள் என்ன? அரசன் இல்லாத ஆட்சியை நாம் அனைவரும் விரும்புகிறோம், மாநிலங்களின் கூட்டிணைப்பை நாம் அனைவரும் விரும்புகிறோம் என்பதே. அச்சிட்டவர்களோ பெரிய எழுத்துகளை இட்டார்கள். உடனே அது இரண்டு கட்சிகளும் ஒன்றாயின என்ற பொருளைத் தந்துவிட்டது. தமிழில் இத்தொல்லை இல்லை. ஆனால் ஒரு சொல் கட்சிப் பெயரா, பொதுக் கொள்கையா என்று மயங்க வைக்கும் கலை எம்மொழியிலும் உண்டு. எழுதியவர் மனத்தில் இருந்தது ஒன்று. கேட்டவர் மனத்தில் பதிந்தது வேறொன்று. தேர்தலுக்குப் பிந்தைய உறுதிமொழிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன.

மூன்று நாள் கழித்து, மார்ச்சு 7 அன்று, ஜெபர்ஸன் ஜேம்ஸ் மன்ரோவுக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கூட்டாட்சிக் கட்சியின் மக்கள் இப்போது நம்மோடு வந்து சேர்கிறார்கள் என்று மகிழ்கிறார். ஆனால் அதன் தலைவர்களை எப்போதும் விலக்கியே தாம் பேசுவதாகக் குறிக்கிறார். ஆக, அவர் நாடிய ஒற்றுமை இரு கட்சிகள் எதிரெதிரே அமர்ந்து பேசித் தீர்வு காண்பதன்று. எதிர்க்கட்சியின் தொண்டர்கள் தம்மிடம் வந்துவிட, தலைவர்கள் தனித்து நிற்பது. இதை வஞ்சகம் என்று நான் சொல்ல மாட்டேன். மெய்யென்று தாம் நம்பிய கொள்கைக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று அவர் உண்மையாகவே எண்ணினார். வென்றவர்களுக்கு இந்நம்பிக்கை எளிதில் உண்டாகிறது.

உரைக்குச் சோதனை வர நெடுநாள் ஆகவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்னும் துறைமுகம். அங்கே சுங்க வரி வசூல் அதிகாரியாக எலிசர் குட்ரிச் என்பவரை ஆடம்ஸ் தம் கடைசி நாட்களில் நியமித்திருந்தார். ஜெபர்ஸன் அவரை நீக்கி, தம் கட்சியைச் சேர்ந்த சாமுவேல் பிஷப் என்னும் முதியவரை அமர்த்தினார். பிஷப்புக்கு எழுபத்தேழு வயது. அவர் மகன் குடியரசுக் கட்சியின் பேச்சாளர் என்பதையும் எவரும் மறக்கவில்லை. ஊர் வணிகர்கள் திரண்டு முறையீடு அனுப்பினார்கள். 1801 ஜூலை 12ஆம் தேதியிட்டு ஜெபர்ஸன் விடை எழுதினார். இணக்கத்தைப் பற்றித் தாம் கூறிய சொற்களை, பதவியில் உள்ளோர் எல்லாரும் அப்படியே இருக்கலாம் என்ற உறுதியாகத் திரித்துப் பொருள் கொண்டுவிட்டார்கள் என்பது அவ்விடையின் சாரம். பதவிகள் யாவும் ஒரே கட்சியிடம் இருக்கும்போது, தம் கட்சிக்கு உரிய பங்கு எவ்வாறு கிடைக்கும்? இறப்பவர் சிலர், தாமே விலகுபவர் ஒருவரும் இல்லை என்றும் கேட்டார். சமநிலை உண்டான பின், நேர்மையும் திறமையும் அரசியலமைப்பில் பற்றும் உண்டா என்று மட்டுமே பார்க்கும் நாள் வரும். அதைத் தாம் மகிழ்ச்சியோடு வரவேற்பதாக முடித்தார்.

அவ்விடையில் நியாயமும் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே சாரார் பதவிகளை நிரப்பியிருந்தால் புதியவர் என்னதான் செய்வார்? எனினும் மார்ச்சு மாத உரையைப் படித்து மகிழ்ந்த ஒரு நியூ ஹேவன் வணிகர், ஜூலை மாதக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். சொற்பொழிவில் எல்லாரும் ஒன்று. பதவிப் பட்டியலில் பங்கு வேறு. அரசியல்வாதியின் உறுதிமொழியை அளக்க விரும்புவோர் பின்னதைத்தான் முதலில் படிக்க வேண்டும். 1802 அக்டோபரில் லீவை லிங்கன் என்னும் தம் அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், கூட்டாட்சிக் கட்சியின் கொள்கையை மீண்டும் உயிர்த்தெழ முடியாத பாதாளத்தில் ஆழ்த்துவதே தம் நோக்கம் என்று ஜெபர்ஸன் வெளிப்படையாக எழுதினார். சிக்கனத்தாலும் அமைதியாலும் அதைச் செய்வேன், வேறு பழிவாங்குதல் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

நீதிமன்றப் போர் இன்னும் கடுமையாக நடந்தது. 1802இல் செனட் சபை 16க்கு 15 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் ஆடம்ஸின் நீதித்துறைச் சட்டத்தை நீக்கத் தீர்மானித்தது. பிரதிநிதிகள் சபையும் இசைந்தது. பதினாறு நீதிபதிகளும் பதவி இழந்தனர். இந்த நீக்கம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் உடனே ஆராய்ந்துவிடக் கூடாதே என்று, அந்நீதிமன்றம் கூடும் தவணையையே மாற்றிவிட்டார்கள். 1803 பெப்ருவரி வரை அது கூட முடியவில்லை. ஆடம்ஸ் கையொப்பமிட்டும் உரியவரிடம் சேராமல் மேசைமேல் கிடந்த நியமனப் பத்திரங்களைக் கொடுக்க வேண்டாம் என்று ஜெபர்ஸன் தடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு உரியவரான வில்லியம் மார்பரி தொடுத்த வழக்கில்தான், அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்ற புகழ்பெற்ற தீர்ப்பை மார்ஷல் அளித்தார். மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை. உலகச் சட்ட வரலாற்றில் பெயர் கிடைத்தது.

எதிர்த்தரப்பும் இணங்கி நடக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா என்னும் பெரும் நிலப்பரப்பை வாங்கும் உடன்படிக்கை செனட் சபைக்கு வந்தபோது, 24 பேர் ஆதரிக்க, 7 பேர் எதிர்த்தனர். எதிர்த்த எழுவரும் கூட்டாட்சிக் கட்சியார். வலிமையான மத்திய அரசு வேண்டும் என்று முழங்கிய கட்சி அது! நாட்டின் பரப்பு இருமடங்காகும் நாளில் அது அரசியலமைப்பின் எல்லையைப் பற்றிக் கவலைப்பட்டது. அதிகாரத்தைக் குறுக்க வேண்டும் என்ற கட்சி அதை விரித்துக்கொண்டது. இருக்கை மாறினால் கொள்கையும் மாறும் வேகம் அங்கே தெரிகிறது.

அப்படியானால் ஒத்துழைப்பு ஒரு சிறிதும் நிகழவில்லையா? நிகழ்ந்தது. ஆனால் உரையினால் நிகழவில்லை. 1804இல் பிரதிநிதிகள் சபை, சாமுவேல் சேஸ் என்னும் உச்ச நீதிமன்ற நீதிபதிமீது குற்றம் சாட்டி, அவரைப் பதவி நீக்கம் செய்ய முயன்றது. அவர் நாவடக்கம் இல்லாதவர். நீதிமன்றத்திலேயே கட்சிப் பேச்சுப் பேசியவர். செனட் சபையில் 34 பேர். குடியரசுக் கட்சியார் 25. நீக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 23 வாக்குகள் வேண்டும். கட்சிக் கட்டுப்பாடு இருந்தால் போதும். ஆனால் 1805 மார்ச்சு 1ஆம் நாள் எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஒன்றுக்கேனும் 19க்கு மேல் வாக்கு விழவில்லை. ஆளுங்கட்சியாரே ஆறு பேர் எந்தக் குற்றச்சாட்டையும் ஏற்கவில்லை. ஒரு நீதிபதி கட்சிக்குப் பிடிக்காதவர் என்பதற்காகவே விலக்கப்படலாகாது என்ற மரபு அந்நாட்டில் வேரூன்றியது இந்த ஆறு பேரால்.

இன்னொன்றும் உண்டு. தேசிய வங்கியை ஜெபர்ஸன் வெறுத்தார். ஆனால் அதன் சாசனம் 1811 வரை இருந்தது, அவர் அதை முறிக்கவில்லை. எதிர்க்கட்சியின் கணக்கில் வாங்கிய கடனையும் ஒழுங்காகக் கட்டி வந்தார். பேயார்ட் கேட்டதும் அதைத்தானே? மேடையில் அளித்த வாக்கைவிட, ஒரு வாக்கைக் கையில் வைத்திருந்தவர் பனிக்காலத்து மாலையில் கேட்ட மூன்று கேள்விகள் நின்று நிலைத்தன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரது இசைவின்றி மற்றவரால் ஆக முடியாது என்ற நிலை இருந்தபோதெல்லாம் இவர்கள் ஒத்துழைத்தார்கள். அந்நிலை இல்லாதபோது உரை மட்டும் எஞ்சியது.

நண்பர்கள் இருவரின் கதை மிச்சம் இருக்கிறது. ஜெபர்ஸன் 1809இல் பதவியிலிருந்து இறங்கினார். ஒருவர் நியமிக்கவும் மற்றவர் தடுக்கவும் இனி ஒரு பதவியும் இல்லை. பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர் இடைநின்று பேசிப் பேசி, 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸை ஒரு கடிதம் எழுத வைத்தார். பதினோராண்டு மௌனத்துக்குப் பின் ஆடம்ஸ் எழுதிய அக்கடிதத்தில், தம் பக்கத்தில் அண்மையில் நெய்த இரண்டு துண்டு வீட்டு நெசவை அனுப்புவதாக வேடிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார். பொட்டலம் வந்து சேருமுன் கடிதம் வந்துவிட்டது. ஜெபர்ஸன் உள்ளம் மகிழ்ந்து, வர்ஜீனியாவில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டிய துணியைத் தானே நெய்துகொள்வதைப் பற்றி விரிவாக விடை எழுதி அனுப்பினார். பொட்டலம் பிறகு வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே துணி இல்லை. ஆடம்ஸின் மகன், தந்தையின் கட்சியை விட்டு 1808இல் ஜெபர்ஸன் பக்கம் வந்துவிட்ட ஜான் குவின்ஸி ஆடம்ஸ், சொற்பொழிவுக் கலையைப் பற்றி ஆற்றிய விரிவுரைகள் இரண்டு தொகுதிகளாக இருந்தன.